அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? ஷிஃப்ட் முடியும்வரை கனமான யூனிஃபார்ம், காலில் ஸேஃப்டி ஷூ. வியர்வை உலர வழியே இல்லை. இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வட்டமாகத் தடிப்பு, ஒரே அரிப்பு! "மெடிக்கல் ஷாப்பிலே ட்யூப் வாங்கித் தடவினேன், போயிடுச்சு" என்பார். கொஞ்ச நாளில் பழையபடி வந்து நிற்கும், சில வீடுகளில் குழந்தைக்கும் சேர்த்து! ஏன் இப்படி?

தோலில் நடப்பது என்ன?

படர்தாமரை ஒரு பூஞ்சைக் காளான். ஊறுகாய் ஜாடியில் பூக்கும் பூசணத்துக்கு உறவு! மேல்தோல், முடி, நகம் இவற்றிலுள்ள கெராட்டின் என்ற புரதம்தான் அதற்கு ஆகாரம். ஈரத் தோலில் வித்து ஒட்டினால் முளைவிட்டு, நூல் நூலாகக் கிளைத்து, சுற்றிலும் படரும். நடுவே ஆறினாற்போல் தெரியும். ஓரத்தில்தான் வளர்ச்சி மும்முரம்.

அந்த ஓரத்தை டாக்டர் லேசாகச் சுரண்டி, செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு திரவம் ஒரு சொட்டு விடுவார். தோலின் செல்கள் கரைந்து தெளிந்துவிடும்; பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மூங்கில்போலக் கணுக்கணுவாக, கிளைவிட்ட நூல்கள்!

ட்யூப் செய்யும் மாயம்

கடையில் கேட்டு வாங்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்ட் கலந்திருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் படரும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்ட் க்ரீம்களை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. டெர்பினாஃபின் என்ற வழக்கமான மருந்துக்குப் பல சமயம் மசியாத ஒரு வகைக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே' என்று நம் நாட்டை வைத்தே பெயரிட்டார்கள்!

நீங்கள் செய்யவேண்டியது

* துண்டு, சோப்பு, உள்ளாடை ஆளுக்குத் தனித்தனி.
* யூனிஃபார்ம், சாக்ஸை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.
* குளித்ததும் இடுக்குகளையும் கால்விரல் நடுவையும் ஈரம் போகத் துடைக்கவேண்டும்.
* வீட்டில் அரிப்புள்ள எல்லாருமே ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ளுங்கள்.
* குழந்தை தலையில் செதிலோடு முடி கொட்டினால் களிம்பு போதாது. உள்ளுக்கு மருந்து வேண்டும்.
* கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள், அம்மா! டாக்டர் சொன்ன நாள்வரை தடவுங்கள். கண்ணுக்கு மறைந்தாலும், ஓரத்தில் ஒரு நூல் மிச்சமிருந்தால் போதும், மறுபடி படர!