பெட்டி பள்ளியில், மேய்ச்சல் ஊரில்

உட்காருங்கள் சார், டீ வரட்டும். பள்ளித் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்த மூலையில் வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அவை எங்கே மேயப் போகின்றன என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டு அடுக்குத் தேனீ கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை இரை தேடிப் போகும். கோயில் வேம்பு, சாலையோரப் புங்கம், தென்னந்தோப்பு, யாரோ ஒருவருடைய பாகல் பந்தல் எல்லாமே அதன் மேய்ச்சல்தான். பள்ளியின் மதில் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குமரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் முதல் பெட்டியை வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை வாசல் பலகையிலும் அதன் கீழே புல்லிலும் கைப்பிடி கைப்பிடியாகத் தேனீக்கள் செத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நாக்கு வெளியே நீண்டிருந்தது. பூச்சிமருந்து பட்டுச் சாகும் தேனீக்களில் இதைப் பார்க்கலாம். முந்தின நாள் காலை, பூ விரிந்திருக்கும் நேரத்தில், பக்கத்துப் பாகல் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்கள். தோட்டக்கார அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. இங்கே பெட்டி இருக்கிறது என்று நாங்கள் அவரிடம் போய்ச் சொல்லவே இல்லை.

பிறகு பிள்ளைகளோடு அவரிடம் போனோம். பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மகரந்தத்தைக் கொண்டுபோகப் பூச்சி வேண்டும். பெண் பூவின் அடியில் விரல் நுனி அளவு குட்டிப் பாகற்காய் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உதிர்ந்த பிஞ்சுகளை அவர் நாள்தோறும் பார்க்கிறவர்தானே, ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். இப்போது மருந்து அடிக்க வேண்டியிருந்தால் முன்னாடியே ஆள் அனுப்புகிறார். தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, அந்தி சாய்ந்துதான் அடிக்கிறார்.

குமரியில் தேனீ வளர்ப்பைச் சொல்லித்தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம சீரமைப்புப் பணியில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அதற்கும் முன்பே, நம் தேனீயின் சிறிய உருவத்துக்கு ஏற்றபடி பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த பெட்டி வந்துவிட்டது. இன்றும் நியூட்டன் பெட்டி என்றே அதைச் சொல்கிறோம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, புழுக்கள் தண்ணீர்ப் பைபோல ஊதிச் செத்தன. பெட்டி பெட்டியாகக் காலியானது. அந்த இழப்பிலிருந்து மீண்டு வந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் மாதம் இருமுறை பள்ளிக்கு வந்தால் போதும். பெட்டியைத் திறந்ததும் வரும் வாசனையை வைத்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

கொட்டுமே என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். கொட்டும், மறைக்க வேண்டாம். யாருக்கு ஒவ்வாமை உண்டு என்று முதலிலேயே வீடுவீடாகக் கேட்டு எழுதி வையுங்கள். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்தெடுக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொட்டிய தேனீ விடும் எச்சரிக்கை வாசனை வாழைப்பழ வாசனையை ஒத்தது. அதனால் பழம் தின்ற கையோடு பெட்டிப் பக்கம் யாரையும் விடாதீர்கள். பெட்டி வாசலுக்கு எதிரே ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி வேலி வளர்த்தால், தேனீ மேலே எழும்பித் தலைக்கு மேலாகப் பறந்துவிடும். சின்ன வகுப்புகளுக்குக் கொட்டாத கொசுத்தேனீயே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொன்று: பக்கவாட்டில் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இரை கண்டு திரும்பிய தேனீ, செங்குத்தான அடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடும். திரும்பி வந்து மறுபடி அதே கோட்டில் ஓடும். நேர் மேலே ஓடினால் பூ சூரியன் இருக்கும் திசையில். வலப்புறம் சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு வலப்புறம் அதே கோணத்தில். ஆட்டம் நீள நீளத் தூரமும் கூடும். இதைப் படித்தறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோணமானியை வைத்து அளந்தார்கள். அந்தத் திசையில் நடந்து ஒரு பாட்டி வீட்டுக் கொல்லையில் போய் நின்றார்கள். முருங்கை முழுக்கப் பூ, பூ முழுக்க இரைச்சல். “என் வீட்டு மரம்னு எப்படிடா தெரிஞ்சுது?” என்று பாட்டி கேட்க, ஒரு சிறுமி அந்தக் கொல்லையிலேயே தேனீ மாதிரி ஆடிக் காட்டினாள். அன்றிலிருந்து பாட்டியும் பெட்டிக்குச் சொந்தக்காரர். முதல் தேன் எடுத்தபோது ஒரு குப்பி அவர் வீட்டுக்குப் போனது. ஒரு வயது நிரம்பாத பேரனுக்குத் தொட்டு வைக்கக் கூடாது, அதனால் கைக்குழந்தைக்குக் கொடிய நோய் வரக்கூடும் என்பதையும் பிள்ளைகளே சொல்லிவிட்டு வந்தார்கள்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். பெட்டி நிற்கும் தாங்கியின் காலடிக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும். எறும்பு ஏறினால் தேனீ கூட்டை விட்டே போய்விடும். கோடை விடுமுறையில் அந்தக் கிண்ணத்தை யார் நிரப்புவார்? அடைமழையில் பூ இல்லாத வாரங்களில் சர்க்கரைப் பாகு யார் வைப்பார்? பள்ளியைச் சுற்றி இருக்கும் வீடுகளிலிருந்து நான்கு பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். பெட்டி வாங்க நானே கூட வருகிறேன்.