இரண்டு முறை அறிமுகமான மியூ

டென்மார்க்கின் மியூ இசைக்குழு 1997-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் 'எ ட்ரையம்ஃப் ஃபார் மேன்'. முதலில் போட்டது வெறும் 2,000 பிரதிகள். கோபன்ஹேகனை ஒட்டிய ஹெல்லரப் பகுதி இளைஞர்கள் நான்கு பேர் 1995-இல் தொடங்கிய குழு அது: பாட யோனாஸ் பியேரே, கிட்டாருக்கு போ மாட்சன், பேஸ் கிட்டாருக்கு யோஹான் வோலர்ட், டிரம்ஸுக்கு சீலாஸ் யோர்கன்சன். இரண்டாவது ஆல்பத்தை 2000-இல் சொந்த நிறுவனத்திலேயே வெளியிட்டார்கள். நல்ல பாட்டுகள் கையில் இருந்தன. கேட்கத்தான் வெளியே ஆளில்லை.

சோனி நிறுவனம் வழியாக உலகச் சந்தை திறந்தபோது அவர்கள் செய்த காரியம் சாமர்த்தியமானது. 2003-இல் வந்த 'ஃப்ரெங்கர்ஸ்' ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் ஆறு பழையவை. ரிச் காஸ்டியின் தயாரிப்பில் அவற்றைப் புதிதாகப் பதிந்தார்கள். பழைய சரக்கை விற்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிறிய நாட்டுக் குழுவுக்கு உள்ளூரில் ஓர் அறிமுகம், உலகத்துக்கு இன்னொன்று தேவைப்படுகிறது. இடையில் கிடைத்த சில ஆண்டுகளில் பாட்டைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதன் கடைசிப் பாடல் 'கம்ஃபர்ட்டிங் சவுண்ட்ஸ்' ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஓடும். தொடக்கத்தில் ஒரு கிட்டாரும், சிறுவனின் குரலோ என்று மயங்க வைக்கும் பியேரேயின் மெல்லிய உச்சக் குரலும் மட்டுமே. பாதி வழியில் பாடுவது நின்றுவிடுகிறது. பிறகு அதே மெட்டின் மேல் ஒவ்வொரு கருவியாக வந்து சேர, சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. வானொலிக்கு இது ஒத்துவராது. மேடையில் இதை மிஞ்ச ஆளில்லை. அந்த மேடைக்குப் பின்னால் திரையில் ஓடிய விசித்திரமான அனிமேஷன் படங்களும் பியேரேயின் கைவண்ணமே.

2005-இல் வந்த 'அண்ட் த கிளாஸ் ஹேண்டட் கைட்ஸ்' இன்னும் துணிச்சலானது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனமே கிடையாது. ஒன்றின் வால் அடுத்ததன் தலையாகிறது. டைனோசர் ஜூனியர் இசைக்குழுவின் ஜே மாஸ்கிஸ் தன் கரகரத்த குரலோடு வந்து பாடியிருக்கிறார். என் கணக்கில் இதுவே அவர்களின் உச்சம்.

அடுத்த ஆண்டே வோலர்ட் விலகினார். மூவராகச் செய்த 2009 ஆல்பத்தின் முதல் பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டால் வேறொரு பாட்டு கேட்கும். வேடிக்கைதான், ஆனால் கேட்டுப் பார்த்தால் அசந்துபோவீர்கள். வோலர்ட் திரும்பி வந்தார். 2015 ஆல்பம் வெளியான சில மாதங்களில் மாட்சன் போனார். மீண்டும் மூவராக 2017-இல் 'விஷுவல்ஸ்' கொண்டுவந்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஃப்ரெங்கர்ஸ்' ஆல்பத்தில் தொடங்கலாம். 'கைட்ஸ்' கேட்கும்போது மட்டும் ஃபோனில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.