கடல் தாண்டி வந்த துள்ளிசை

இயற்பியல் படிப்பவனுக்குப் பாட்டில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பாட்டு எங்கள் ஊருக்கு வந்த வழியே இயற்பியல்தான் என்பது என் விடை.

‘பாப்’ இசை என்றதும் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவும் சுவீடனின் ‘அபா’ குழுவும் நினைவுக்கு வருகின்றன. அதே காலத்தில் தமிழிலும் ஒரு பாப் இசை பிறந்தது. அது பிறந்த இடம் சென்னையன்று, இலங்கை. அங்கு அதனைப் ‘பொப்பிசை’ என்றும் ‘துள்ளிசை’ என்றும் வழங்கினர். 1970களில் ஓங்கி நின்ற அவ்விசைக்கு, அதன் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்து பிறந்த நான் அடிமையானேன். காரணம் எங்கள் ஆச்சி.

பொப்பிசையின் வேரைத் தேடினால் போர்த்துக்கீசியரிடம் போய் நிற்போம். 1505இல் இலங்கைக் கரையை அடைந்த அவர்கள் 1658வரை கடலோரப் பகுதிகளை ஆண்டனர். அவர்களுடைய பாட்டும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்து ‘பைலா’ உருவாயிற்று. ‘ஆடுதல்’ என்னும் பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கேட்பவரின் கால் தானாகத் தட்டத் தொடங்கும் ஆறு-எட்டுத் தாளம் அதன் உயிர். இருபதாம் நூற்றாண்டில் அது சிங்களப் பாட்டாக மலர்ந்தது. 1966இல் தோன்றிய ‘மூன்ஸ்டோன்ஸ்’ போன்ற குழுக்கள் கிட்டாரைக் கையிலெடுத்துப் புதிய சிங்களப் பாட்டுகளைப் பாடின. அந்த அலை தமிழையும் தொட்டது.

தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று போற்றப்படுபவர் நித்தி கனகரத்தினம். இவர் வேளாண்மை படித்தவர் என்பது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ‘சின்ன மாமியே’ என்ற இவருடைய பாட்டில் பண்டித மொழி இல்லை; யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கிறது. ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ எனப் புகழ்பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். ‘சுராங்கனி’ என்றாலே அவர் முகந்தான் தோன்றும். ஒருத்திக்கு மீன் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லும் எளிய பாட்டு அது. சிங்களமும் தமிழும் ஒரே மெட்டில் கைகோத்து நடக்கும் அதிசயம் அதில் உண்டு. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அந்த மெட்டு தமிழ்த் திரைக்கும் வந்தது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

இனி, இப்பாட்டுகள் கரிசல் காட்டை எட்டிய விதத்தைக் காண்போம். வரைபடத்தைப் பாருங்கள். மணியாச்சியிலிருந்து நேர்கோட்டில் சென்னை 500 கிலோமீட்டருக்கும் அப்பால். கொழும்போ ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். எங்களுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பழையது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் எங்கள் சந்திப்பு வழியே தூத்துக்குடி சேர்ந்துதான் கப்பல் ஏறினர்.

வானொலியின் மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவுவது. நிலம் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாவிடில் அலை விரைவில் வலுவிழக்கும். காய்ந்த நிலத்தின் கடத்துதிறன் கடல்நீருடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்பு நிறைந்த கடல்நீர் அலைக்குப் போட்ட இராஜபாட்டை. ஆகவே கொழும்பு அலை மன்னார் வளைகுடாவைக் களைப்பின்றிக் கடந்து, தூத்துக்குடிக் கரையேறி, எங்கள் ஊர் டீக்கடைவரை வந்தது. இரவிலோ வேறொரு வசதி. அயனி மண்டலத்தில் அலைகளை விழுங்கும் கீழடுக்கு, சூரியன் மறைந்ததும் மறைகிறது. அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்கின்றன.

மற்றொரு காரணம் நம் நாட்டிலேயே இருந்தது. 1952இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுகள் பெரிதும் குறைக்கப்பட்டன. மக்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினர். 1957இல் ‘விவித் பாரதி’ தோன்றிய பிறகும் எங்கள் பக்கத்தார் இலங்கையை விடவில்லை. அங்கு பேசியவர்களின் தமிழ் அப்படி. மயில்வாகனன், இராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத், மின்னல் வேகத்தில் பேசிய கே. எஸ். ராஜா ஆகியோர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் உறவினர் ஆயினர்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனவளல்லள். கோவில்பட்டிக் கம்பெனிக்காகத் தீப்பெட்டி ஒட்டியே பிள்ளைகளை வளர்த்தவள். பசையும் தாளும் கையில், வானொலி காதில். ‘சுராங்கனி’ தாளத்துக்குப் பெட்டி மடித்தால் கை வலிக்காது என்பாள். சென்ற ஆண்டு கைப்பேசியில் அப்பாட்டுகளைத் தேடிப்போட்டபோது, கண்ணை மூடிக் கேட்டவள், “ஏலேய், அந்த ராஜா இப்பம் எங்க இருக்காரு?” என்றாள்.

தேடிப் பார்த்தேன். கே. எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். 1983க்குப் பின் மூண்ட போர் எத்தனையோ கலைஞர்களைச் சிதறடித்திருந்தது. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். இரண்டு நாள் தயங்கி ஆச்சியிடம் உண்மையைச் சொன்னேன். “இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே” என்று அழுதாள். நேரில் காணாத ஒருவருக்காக, கேட்ட குரலுக்காக மட்டும் அழுதாள்.

பொப்பிசை மலிவான இசை, இலக்கணமற்ற தமிழ் என்று சொல்வோர் உண்டு. இராகத்தை வைத்து அளந்தால் அவர்கள் கூற்றில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால், இரு மொழியினர் சேர்ந்து ஆடிய ஒரு காலம் இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டுகளே சாட்சி. சாட்சியை மலிவென்று தள்ளலாமா?

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த நாளில் என்ன கேட்டார்கள் என்று ஒருமுறை வினவுங்கள். எந்த நூலகத்திலும் இல்லாத பாடம் அவர்கள் காதில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வோம்.

— இரண்டாமாண்டு, இளமறிவியல் (இயற்பியல்)