உங்களுக்குத் தெரியுமா? நட்சத்திரம் ஏறினால் நன்கொடையும் ஏறுமா?

நன்கொடை கொடுக்கும் முன் அந்தத் தொண்டு நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பீர்களா? அமெரிக்காவில் 2010-ல் நடந்த ஓர் ஆய்வில், விசாரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் வெறும் 35 சதவீதம்! நாலு நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்பவர்கள்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்... 3 சதவீதம்!

விசாரிக்காத மற்றவர்களுக்குக் கைகொடுப்பது, ‘இந்த நிறுவனத்தை நம்பலாம்’ என்று ஓர் அமைப்பு சரிபார்த்துத் தரும் முத்திரைதான்!

ஸ்வீடனில் வங்கிக் கணக்கு எண்ணே முத்திரை! 90 என்று தொடங்கும் கணக்கா? தைரியமாகப் பணம் போடலாம். கணக்கு வழக்கு ஆண்டுதோறும் தணிக்கைக்குப் போகிறது. வரும் பணத்தில் 75 சதவீதமாவது தொண்டுக்கே போயாக வேண்டும். செல்போனில் பணம் அனுப்பும் ‘ஸ்விஷ்’ எண்ணையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் 123 90 என்றே தொடங்கும். லோகோவை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். கணக்கு எண்ணை? நான் பார்த்ததிலேயே படு கெட்டிக்கார முத்திரை இதுதான்!

ஜெர்மனியில் பதிவு பெற்ற சங்கங்கள் 6 லட்சத்துக்கும் மேல். பெர்லினில் உள்ள ‘டி.இசட்.ஐ.’ என்ற அமைப்பின் நன்கொடை முத்திரை வைத்திருப்பவை? சுமார் 230 தான்! விளம்பரமும் நிர்வாகமும் சேர்ந்து மொத்தச் செலவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருமுறை வாங்கிவிட்டு ஓய்வெடுக்கவும் முடியாது. வருஷா வருஷம் பரீட்சை!

இந்த முத்திரை யோசனை புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் இதேபோல் முத்திரை தரும் ‘செவோ’ அமைப்பு பிறந்தது 1934-ல்!

அமெரிக்காவின் ‘சேரிட்டி நேவிகேட்டர்’, ஓட்டல்களுக்குப் போடுவதுபோல தொண்டு நிறுவனங்களுக்கு நட்சத்திரம் போடுகிறது. 4 நட்சத்திரம்தான் உச்சம். ஒரு நட்சத்திரம் கூடினால் என்ன ஆகும்? பெரிய, பிரபலமான நிறுவனங்களுக்கு ஒன்றும் பெரிதாக ஆவதில்லை. பெயர் தெரியாத சின்ன நிறுவனங்களுக்கோ நன்கொடை 19.5 சதவீதம் எகிறியதாக 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே முத்திரை அதிகம் உதவுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த சேதி இது!

ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் 90 நிறுவனங்களை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. நட்சத்திரம் ஏறினாலும் இறங்கினாலும் நன்கொடை அசையவே இல்லையாம்!

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் ‘கைட்ஸ்டார்’ என்ற தகவல் தளம் அறிமுகப்படுத்திய வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் முத்திரைகள் சேவையின் தரத்துக்கானவை அல்ல! தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரங்களை ஒளிக்காமல் வெளியிட்டாலே கிடைத்துவிடும். அப்படி முத்திரை பெற்ற நிறுவனங்களுக்கு, பெறாதவற்றைவிட மறு ஆண்டில் வந்த நன்கொடை சராசரியாக எவ்வளவு அதிகம் தெரியுமா? 53 சதவீதம்!