மலையைச் சுமந்து போகும் வைப்பாறு

தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியைக் கும்பிட்டுவிட்டு, மேற்கே சாஸ்தா கோயில் ஓடைக்குப் போய்ப் பாருங்கள். காலடியில் ஆட்டுக்கல் பருமனுக்குப் பாறைகள் கிடக்கும். (மழைக்காலத்தில் போகாதீர்கள். மலையில் பெய்தால் இங்கே திடீரென்று வெள்ளம் வரும்.) ஓடைத் தண்ணீர் கடைசியில் சேர்வது வைப்பாற்றில். ஆனால் சாத்தூர்ப் பக்கம் அந்த ஆற்றில் மணல்தான் இருக்கிறது. பாறைகள் என்ன ஆயின?

மலையில் இருப்பவை சார்னோக்கைட், நைஸ் என்னும் பாறைகள். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவை. அப்போது இந்தியாவும் மடகாஸ்கரும் ஆஸ்திரேலியாவும் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்தன. மேலே மூடியிருந்ததை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தெடுத்த பிறகுதான் இந்தப் பாறை வெயிலைப் பார்த்தது.

உடைந்த கல் ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடித் துண்டாகத் தெரிவது குவார்ட்ஸ். தட்டையாக மினுங்குவது ஃபெல்ட்ஸ்பார். சில கற்களில் சிவப்புப் பொட்டுகளும் இருக்கும், அவை கார்னெட். மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக விழுகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸிடம் அதன் வேலை நடக்காது. பிடிமானம் போனதும் பாறை உதிரத் தொடங்குகிறது.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் எல்லாவற்றையும் இழுத்து வருகிறது. பெருங்கற்கள் மலையடியிலேயே நின்றுவிடும். குவார்ட்ஸ் மணலாக ஆற்றில் படியும். களிமண்ணோ வேகம் அடங்கிய தண்ணீரில்தான் படியும்; அதாவது நம் கண்மாய்களில். கோடையில் கண்மாயிலிருந்து வண்டல் அள்ளி வயலில் போடுகிறார்களே, அதில் மலையின் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது! மணலும் சும்மா கிடப்பதில்லை. துகள்களின் இடுக்கில் தண்ணீரைப் பிடித்து வைப்பதால்தான் வறண்ட ஆற்றிலும் ஊற்றுத் தோண்டிக் குடிக்க முடிகிறது. அந்த மணல் லாரி லாரியாகப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. இன்னொரு மலை உதிர்ந்தல்லவா அந்த இடம் நிரம்ப வேண்டும்?

வழியில் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் உள்ள அந்த மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் அகழ்ந்தது. நுண்கற்கருவிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. சங்கு வளையல்களும் கிடைத்ததுதான் எனக்கு ஆச்சரியம். சங்கு கடலில் விளைவது. இந்த ஊரோ கடலுக்கு வெகு தூரம். ஆறு மலையைக் கடலுக்குக் கொண்டு போக, மனிதர்கள் கடல் பொருளை ஆற்றங்கரைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

விளாத்திகுளம் தாண்டி, மன்னார் வளைகுடாவில் ஆறு கலக்கிறது. கடற்கரை மணலில் கறுப்பும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள் தெரிந்தால், ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இழுத்துப் பாருங்கள். கறுப்பில் சில துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவை இரும்புத் தாது. ஒட்டாத இளஞ்சிவப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால், அது கார்னெட்டாக இருக்கலாம்.