சார்லி ராபர்ட்ஸ்: வாரம் நான்கு பவுண்ட் காலத்துக் கேப்டன்

சார்லி ராபர்ட்ஸ் 1883 ஏப்ரல் 6 அன்று வடகிழக்கு இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் பிறந்தார். ரயிலும் இரும்பும் வளர்த்த ஊர் அது. இளமையில் இரும்பாலையில் உழைத்துக்கொண்டே கால்பந்து ஆடினார். பிஷப் ஆக்லாந்து அணியில் பெயர் பெற்ற அவரை, 1903-இல் கிரிம்ஸ்பி டவுன் கிளப் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மாறினார். நியூட்டன் ஹீத் என்ற பெயரில் கடனில் மூழ்கி, 1902-இல் புதுப் பெயரோடு மீண்டெழுந்திருந்த அந்த கிளப் அப்போது இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது.

ராபர்ட்ஸ் ஆடிய இடம் சென்டர் ஹாஃப். அன்றைய அணியில் கோல்கீப்பருக்கு முன்னால் இருவர், நடுவரிசையில் மூவர், முன்வரிசையில் ஐவர் நிற்பார்கள். நடுவரிசையின் மையத்தில் நிற்பவருக்கு இரட்டை வேலை. எதிரணியின் தாக்குதலைத் தடுக்க வேண்டும். பறித்த பந்தைத் தன் முன்வரிசைக்குக் கொண்டுசேர்க்கவும் வேண்டும். இதற்கு வேகமும் துல்லியமான உதையும் தேவை. ராபர்ட்ஸிடம் இரண்டும் இருந்தன. கால்சட்டை முழங்காலை மறைக்க வேண்டும் என்று கால்பந்தின் ஆட்சி அமைப்பான எஃப்.ஏ. விதித்திருந்தபோதும், அவர் குட்டைக் கால்சட்டையோடுதான் களம் இறங்கினார்.

1905-இல் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து அணிகளுக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடினார். யுனைடெட்டிலிருந்து இங்கிலாந்து அணிக்குத் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவரே. கிளப்பின் கேப்டனாக 1906-இல் அணியை முதல் டிவிஷனுக்கு உயர்த்தினார். 1908-இல் யுனைடெட் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. 1909 ஏப்ரலில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிஸ்டல் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் கைப்பற்றியது. இரு பக்கமும் டிக் டக்வொர்த், அலெக் பெல் நிற்க, நடுவில் ராபர்ட்ஸ் நின்ற அந்த வரிசைதான் இவ்வெற்றிகளுக்கு அடித்தளம்.

இவ்வளவு புகழ் இருந்தும் ஆட்டக்காரர்களின் வருமானத்துக்கு ஒரு பூட்டு இருந்தது. 1901 முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது விதி. கிளப் விடுவிக்காமல் வேறு கிளப்புக்குப் போகவும் முடியாது. 1905-இல் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்ட் கொடுத்து வாங்கியது. அது ஓர் ஆட்டக்காரர் ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் ஈட்டக்கூடிய உச்சச் சம்பளத்துக்குச் சமம். அந்தத் தொகை சென்றது விற்ற கிளப்புக்கு. காயம்பட்டவரின் நிலை இன்னும் மோசம். 1907-இல் யுனைடெட்டின் இளம் ஆட்டக்காரர் தாமஸ் பிளாக்ஸ்டாக் இரண்டாம் அணிக்கான ஆட்டத்தில் சரிந்து விழுந்து இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். வேல்ஸ் நட்சத்திரம் பில்லி மெரிடித்தும் ராபர்ட்ஸும் அதன் முன்னணியில் நின்றனர். சம்பள உச்சவரம்பை நீக்குவதும், கிளப் மாறும் உரிமையைப் பெறுவதும் சங்கத்தின் முக்கியக் கோரிக்கைகள். முதலில் எஃப்.ஏ. சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சங்கம் இணைய முற்பட்டதும் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. 1909 ஜூலை 1-க்குள் சங்கத்தை விட்டு விலகாதவர்கள் ஆடத் தடை என்று அறிவித்தது.

பெரும்பாலோர் விலகினர், யுனைடெட் ஆட்டக்காரர்கள் மறுத்தனர். கோப்பை வென்ற சில வாரங்களிலேயே கோடைச் சம்பளத்தை இழந்து, ஃபாலோஃபீல்டில் தாங்களாகவே பயிற்சி எடுத்தனர். ‘விலக்கப்பட்டோர் கால்பந்து கிளப் 1909’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய பலகையோடு அவர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படத்தில் ராபர்ட்ஸும் இருக்கிறார். எவர்ட்டன் வீரர் டிம் கோல்மன் போன்றோரும் ஆதரவாக நின்றனர். புதிய சீசன் தொடங்கும் தறுவாயில் உடன்பாடு ஏற்பட்டது. சங்கத்துக்கு மீண்டும் அங்கீகாரமும், தடைக்காலச் சம்பளமும் கிடைத்தன. ஆனால் உறுப்பினர்கள் வாக்களித்துக் கூட்டமைப்பிலிருந்து விலகினர், உச்சவரம்பும் நீடித்தது.

1905-க்குப் பிறகு ராபர்ட்ஸுக்கு இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்கவே இல்லை. சங்கப் பணிதான் அந்தக் கதவை நிரந்தரமாக அடைத்தது என்ற கருத்து பரவலாக இருந்தது. கிளப் ஆட்டத்தில் மட்டும் அவர் தளரவில்லை; 1911-இல் யுனைடெட் இரண்டாவது லீக் பட்டம் வென்றது. இங்கிலாந்தில் தங்கியிருந்த இத்தாலிய இளைஞர் விட்டோரியோ போட்ஸோ அவர் ஆட்டத்தை உன்னிப்பாகக் கவனித்தார். பின்னாளில் 1934, 1938 உலகக் கோப்பைகளை இத்தாலிக்கு வென்று தந்த பயிற்சியாளர் அவர். சென்டர் ஹாஃப் எப்படி ஆட வேண்டும் என்பதற்கு ராபர்ட்ஸையே முன்மாதிரியாகக் கொண்டார்.

1913-இல் ஓல்டம் அத்லெடிக் 1,500 பவுண்டுக்கு அவரை வாங்கியது. 1914-15 சீசனில் அந்த அணி ஒரே புள்ளியில் லீக் பட்டத்தைத் தவறவிட்டது. உலகப் போர் ஆட்டத்தை முடக்கியது. ராபர்ட்ஸ் பிறகு லீக் ஆட்டங்களுக்குத் திரும்பவில்லை. 1921-இல் ஓல்டம் மேலாளராகிச் சில காலம் பணியாற்றினார். மான்செஸ்டரில் புகையிலை வியாபாரமும் செய்தார். டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல் ஆகிய மூன்று பெயர்களின் எழுத்துகளைக் கோத்து ‘டுக்ரோபெல்’ என்று ஒரு சிகரெட்டுக்குப் பெயர் வைத்தார். 1939 ஆகஸ்டில் காலமானார்.

அவர் எதிர்த்த சம்பள உச்சவரம்பு, வாரம் 20 பவுண்டாக உயர்ந்திருந்த நிலையில், 1961-இல்தான் ஒழிந்தது. அதை ஒழிக்கப் போராடி வென்றது, 1907-இல் இம்பீரியல் ஹோட்டலில் தொடங்கிய அதே சங்கம். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்களை இன்றும் அதுவே பிரதிநிதித்துவப்படுத்துகிறது.