நம் வீட்டு அடுப்பு எவ்வகை?

‘உங்கள் வீட்டில் என்ன அடுப்பு?’ என்று வினவினால் ‘விறகு அடுப்புதான்’ என்றே பலரும் விடையளிப்பர். விறகடுப்பிலும் பல வகைகள் உண்டு. வகை தெரிந்தால்தான் குறையைத் தீர்க்கும் வழியும் தெரியும்.

வெறும் மூன்று கற்களின்மீது பாத்திரம் வைக்கப்பெற்றால் அது மூன்று கல் அடுப்பு. நாற்புறமும் காற்று வீசுவதால் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகிறது. மூன்று பக்கம் மண்சுவரும் முன்புறம் விறகு வைக்கும் வாயும் இருந்தால் மண் அடுப்பு. அதன் பக்கத்துளை வழியே தீ சென்று மற்றொரு பாத்திரத்தையும் சூடாக்கினால் கொடியடுப்பு. இவ்விரண்டிலும் விறகு குறையும். புகையோ வீட்டிற்குள்ளேயே தங்கும்.

புகை குழாய் வழியாகக் கூரைக்குமேல் வெளியேறினால் அது புகைபோக்கி அடுப்பு. 1953-ஆம் ஆண்டில் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ். பி. ராஜு இத்தகைய அடுப்பைப் பரப்ப முயன்றார். 1983-இல் மத்திய அரசு இதற்கெனத் தேசியத் திட்டம் தொடங்கியது. எனினும், குழாய் அடைபட்டுப் பல வீடுகளில் இவ்வடுப்பு கைவிடப்பட்டது.

கல்வராயன் மலையில் ஒரு வீட்டில் புகைபோக்கி இருந்தும் அம்மையார் கண்ணைக் கசக்கியபடியே சமைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துக் குழாயைத் தட்டியபோது ஒரு கூடைக் கரி கொட்டியது! ஆகவே, குழாய் இருப்பது மட்டும் போதாது. அடுப்பு வாய் வழியே புகை திரும்பினால் அது பெயரளவிலேயே புகைபோக்கி அடுப்பு. மாதம் ஒருமுறை கரியைத் தட்டி நீக்குதல் வேண்டும்.

கரி இட்டு எரிப்பது குமுட்டி அடுப்பு. இதில் புகை தெரியாது. ஆனால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு எழும். மார்கழிக் குளிருக்காக இதனை மூடிய அறையில் வைத்து உறங்குதல் உயிருக்கே ஆபத்து.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு அடுப்பு பெற்ற இல்லங்களிலும் வெந்நீருக்கு விறகு எரிவதுண்டு. அவ்வடுப்பையேனும் திண்ணைக்கு அப்பால், காற்றோட்டமான இடத்தில் அமைக்கலாம்.

வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெரிதும் அல்லலுறுவோர் அடுப்பருகே இருக்கும் தாய்மாரும் குழந்தைகளுமே.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் எவ்வகை அடுப்பு எத்தனை என்று கணக்கெடுத்துக் கிராம சபையில் வைப்பார்களாக. அக்கணக்கெடுப்பை முதலில் தம் வீட்டிலிருந்தே தொடங்குவது நலம்.